புட்டிங் கிளப்பில் சேர்ந்தவள்

ஸ்டோமார்க்கெட், சஃபோக், இங்கிலாந்து
ஏப்ரல் 4, 1945

மரியாதைக்குரிய திருமதி ஸ்டக்கி அவர்களுக்கு,

வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. இந்த நேரத்தில் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நான் எனிட் கார்வுட். இங்கே பஸ் கண்டக்டர். உங்கள் மகன் ஆர்லன் என்னைப் பற்றி எழுதியிருப்பான் என்று நினைக்கிறேன். ஒன்றரை வருடப் பழக்கம்.

அவன் போன விமானம் திரும்பி வந்து ஓடுபாதைக்குச் சற்று முன்னால் விழுந்தது. மறுநாள் விமானத் தளத்துச் சமையல்காரர் ஒருவர் என் பஸ்ஸில் ஏறினார். அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன். கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். போன ஞாயிறு போய்விட்டு வந்தேன். மேட்டு நிலம், நல்ல காற்று. சிலுவையில் பெயரும் எண்ணும் சரியாக இருக்கின்றன. பார்த்துச் சொல்ல உங்களுக்கு இங்கே யாரும் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

அவனுக்கு எவ்வளவு ஹோம்லியான முகம்! எங்கள் வீட்டில் முதல் நாளே எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

உங்கள் துக்கத்தில் பங்குகொள்ளும்,
எனிட் கார்வுட்


பேயோலி, இண்டியானா
மே 10, 1945

அன்புள்ள மிஸ் கார்வுட்டுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீயும் உன் பெற்றோரும் சுகமாக இருக்க வேண்டும். நேற்று முன்தினம் யுத்தம் முடிந்ததென்று தேவாலயத்தில் மணி அடித்தார்கள். என் கணவர் கிளைட் தலையைத் தூக்காமல் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. ஏன் உடனே எழுதவில்லை என்றால், கோபம். எங்கள் ஊரில் ஒருவரை ஹோம்லி என்றால் பார்க்க லட்சணமில்லாதவர் என்று பொருள். பையன்கள் ஒரு பெண்ணைத் தட்டிக்கழிக்கப் பயன்படுத்தும் வார்த்தை. மண்ணுக்குள் போன என் பிள்ளையின் முகத்தைப் பற்றி முன்பின் தெரியாத ஒருத்தி இப்படி எழுதுவதா என்று உன் கடிதத்தை மாவு டப்பாவுக்கு அடியில் போட்டுவிட்டேன்.

போன ஞாயிறு அவனுடைய பழைய கடிதங்களை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் எழுதியிருக்கிறான்: "அம்மா, இந்த ஊர்ல ஹோம்லின்னா நம்ம சமையலறை மாதிரின்னு அர்த்தம். போனதும் உட்காரத் தோணும்ல, அது."

மன்னித்துவிடு, பெண்ணே.

அவன் கடிதங்கள் முழுக்க உங்கள் ஊர் வார்த்தைகள்தான். சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நான் சத்தமாக வாசிப்பேன். கிளைட் தொடையில் தட்டிச் சிரிப்பார். இப்போது அவர் பேசுவதே இல்லை. ஆர்லன் எங்களுக்கு எழுதாமல் விட்ட வார்த்தைகள் ஏதாவது இருந்தால் எழுதுவாயா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
வெர்னா ஸ்டக்கி


ஸ்டோமார்க்கெட்
ஜூன் 3, 1945

அன்புள்ள திருமதி ஸ்டக்கி,

உங்கள் இருவர் நலத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே அப்பாவும் அம்மாவும் சுகம்.

வார்த்தைகள் கேட்டீர்கள். முதல் தடவை ஆர்லனை வீட்டுக்குக் கூப்பிட்டபோது "சாயங்காலம் டீ குடிக்க வா" என்றேன். வெறும் டீதானே என்று முகாமில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தான். எங்களுக்கு டீ என்றால் ராத்திரிச் சாப்பாடு. மேசையில் அம்மா அந்த வார ரேஷன் முழுவதையும் சமைத்து வைத்திருந்தாள். பார்த்தான், உட்கார்ந்து எல்லாவற்றையும் சாப்பிட்டான். அப்புறம் வயிறு தாங்காமல் எங்கள் தோட்டத்தில் அரைமணி நேரம் குனிந்தபடியே நின்றான்.

அன்று அவன் போன பிறகு அப்பா "ஆளு மோசமில்ல" என்றார். அதை நான் அவனிடம் சொன்னதும் இரண்டு நாள் முகம் தொங்கிப்போயிற்று. எங்கள் அப்பா வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வராது என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இன்னொன்று, எழுதலாமா தெரியவில்லை. நாங்கள் பழகத் தொடங்கியதே இதில்தான். கணக்குத்தாளில் தப்பாக எழுதிவிட்டு, பஸ் நிறைய இருந்த உங்கள் ஊர்ப் பையன்களைப் பார்த்து, "யாருகிட்டயாவது ரப்பர் இருக்கா? அவசரமா வேணும்" என்று கேட்டேன். பஸ்ஸே உறைந்துபோயிற்று. பிறகு கூரை பிய்த்துக்கொள்ளும்படி சிரித்தார்கள். உங்கள் ஊரில் அது ஆண்கள் மருந்துக்கடையில் குரலைத் தாழ்த்திக் கேட்டு வாங்குவதாமே! ஆர்லன் ஒருவன்தான் சிரிக்காமல் எழுந்துவந்து பென்சிலின் பின்பக்கத்தை நீட்டி, "இது போதுமா பாருங்க" என்றான்.

கடைசியாக ஒரு வார்த்தை. இதை ஏற்கெனவே உங்களுக்கு எழுதியிருப்பான். பஸ்ஸில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு என்னிடம் அர்த்தம் கேட்டான். சொன்னேன். காது சிவந்துவிட்டது. "இதையும் அம்மாவுக்கு எழுதறேன் பாரு" என்றான். அதனால் உங்களிடம் அந்த வார்த்தையாலேயே சொல்லிவிடுகிறேன். வேறு வார்த்தையில் எழுதக் கை வரவில்லை.

நான் புட்டிங் கிளப்பில் சேர்ந்துவிட்டேன். பிப்ரவரிக் கடைசியில் அவனுக்கு விடுப்புக் கிடைத்து நார்விச் போனோம், அதிலிருந்து. நவம்பர் வரைக்கும். வீட்டில் இது தெரிந்ததும் அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வேலையும் சீக்கிரம் போய்விடும். காலையில் பெட்ரோல் வாடையே ஆகவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதைக் கேட்டு நடக்கலாம் என்றிருக்கிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
எனிட்


பேயோலி
ஜூலை 2, 1945

அன்புள்ள எனிட்,

நாங்கள் நலம். உன் கடிதத்தைச் சனிக்கிழமை வாசித்தேன். ரப்பர் வந்த இடத்தை மட்டும் தாண்டிவிட்டேன். கிளைட் தாளைக் கேட்டு வாங்கி அதையும் படித்தார். சிரிக்கவில்லை. ஆனால் வாயோரம் அசைந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவை.

உன் கிளப் சமாசாரம் புரிந்தது. எங்கள் ஊரிலும் பெண்கள் இதில் போய் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் உற்சாகமாகத்தான் இருக்கும். பிறகு வீடு கெட்டு, வேலை கெட்டு, உடம்பும் கெட்டுப் படுத்துவிடுவார்கள். என்னிடம் கேட்டாய், அதனால் உன் தாய் ஸ்தானத்திலிருந்து சொல்கிறேன்: விலகிவிடு. தொடக்கத்திலேயே விலகிவிட்டால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். சின்ன வயது, இதற்கெல்லாம் பின்னால் எவ்வளவோ காலம் இருக்கிறது. உன் அம்மா சொல்வதைக் கேள்.

தனியே ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். உலர்ந்த திராட்சையும் சர்க்கரையும். அங்கே கிடைக்காது என்று ஆர்லன் எழுதுவான். என் பங்காக வைத்துக்கொள்.

அன்புடன்,
வெர்னா ஸ்டக்கி


ஸ்டோமார்க்கெட்
செப்டம்பர் 9, 1945

திருமதி ஸ்டக்கி அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல். பொட்டலம் வந்தது. நன்றி. உங்கள் புத்திமதி புரிந்தது. நாளையிலிருந்து நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன். இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

எனிட் கார்வுட்


பேயோலி
நவம்பர் 18, 1945

அன்புள்ள எனிட்,

எங்கிருந்தாலும் நீ நலமாக இருக்க வேண்டும். அக்டோபரில் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. இது மூன்றாவது.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? அந்த ஜூலைக் கடிதத்தில் என்ன எழுதினேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். உன் சங்கத்தைக் குறைத்துப் பேசியது பிடிக்கவில்லை போலிருக்கிறது. கிழவி உளறினாள் என்று விட்டுவிடக் கூடாதா?

பெர்சிமன் மரம் பழம் உதிர்க்கிறது. ஆர்லன் இருந்தால் பொறுக்குவான். இந்த வருடம் கிளைட் அதன் அடியில் போவதே இல்லை, நான்தான் பொறுக்கினேன்.

சனிக்கிழமைகளில் வாசிக்க எங்களிடம் ஒன்றுமில்லை. உன் ஜூன் மாதக் கடிதத்தையே திரும்பவும் வாசிக்கச் சொல்கிறார்.

வெர்னா


பேயோலி
பிப்ரவரி 19, 1946

எனிட், என் கண்ணே,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இதை உன் அம்மா முகவரிக்கே அனுப்புகிறேன். எப்படியாவது உன்னிடம் சேர்த்துவிடும்படி உறைமேல் எழுதியிருக்கிறேன்.

எங்கள் ஊருக்குப் போன வாரம் ஒரு இங்கிலாந்துப் பெண் வந்திருக்கிறாள். பெரில் என்று பெயர். பட்டாளத்தில் இருந்த எங்கள் ஊர்ப் பையனைக் கட்டிக்கொண்டு கப்பலில் வந்தவள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவளுக்கு விருந்து. பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுக்கு உன்னைப் பற்றிச் சொன்னேன்.

"எங்க பையன் பழகின பொண்ணும் உங்க பக்கம்தான். நல்ல பொண்ணு. புட்டிங் கிளப்ல சேர்ந்து வேலையையே விட்டுட்டா. விலகிடுன்னு சொன்னேன். கோவிச்சுக்கிட்டா."

அவள் கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"அப்படியேவா எழுதினா? புட்டிங் கிளப்புன்னேவா?"

"அப்படியேதான்."

"எப்ப வரைக்கும்னு ஏதாவது சொன்னாளா?"

"நவம்பர்னு எழுதியிருந்தா. கிறிஸ்துமஸ் புட்டிங் செய்யற சங்கம்னு நெனச்சேன்."

என் கையைப் பிடித்து, கோட்டுகள் தொங்கும் நடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "மிசஸ் ஸ்டக்கி, அப்படி ஒரு சங்கமே கெடையாது. வயித்துல புள்ளைன்னு நேரா சொல்ல வாய் வராதப்ப நாங்க அப்படிச் சொல்லுவோம்" என்றாள்.

எனிட், அந்த வார்த்தையை ஆர்லன் எனக்கு எழுதவே இல்லை. எழுதக் கூச்சப்பட்டிருப்பான், அல்லது நேரம் கிடைக்கவில்லை. எனக்குத் தெரியவில்லை என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். பட்டிக்காட்டுக்காரி என்று நீ நினைத்துவிடுவாயோ என்று தெரிந்த மாதிரி எழுதினேன். விலகிவிடு என்று எழுதினேனே! நீ அதை எப்படிப் படித்திருப்பாய்!

வீட்டுக்கு வந்து கிளைட்டிடம் சொன்னேன். "இப்ப எத்தன மாசம் இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். மூணு என்றேன். வெளியே போய் லாரியை முடுக்கினார். எங்கேயும் போகவில்லை. எஞ்சின் ஓட, உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

குழந்தை இருக்கிறதா, எனிட்? அது மட்டும் எழுது.

வெர்னா


நீடம் மார்க்கெட், சஃபோக்
ஏப்ரல் 14, 1946

அன்புள்ள திருமதி ஸ்டக்கி,

சுகம். உங்கள் கடிதத்தை அம்மா ஒரு மாதம் அலமாரியில் வைத்திருந்துவிட்டுப் போன வாரம்தான் கொடுத்தாள். அதற்கு முந்தியவை என்னிடம் வரவே இல்லை.

இருக்கிறாள். பெயர் ஹேசல். நவம்பர் 21ஆம் தேதி பிறந்தாள். ஏழு பவுண்டு.

உங்கள் ஜூலைக் கடிதம் எனக்கு மனப்பாடம். பஸ் டிப்போ கழிவறையில் நின்றுகொண்டு படித்தேன். இப்போது பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி படித்தேன். "எங்கள் ஊரிலும் பெண்கள் இதில் போய் மாட்டிக்கொண்டு" என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. அப்புறம் அது சிரிப்பாக இல்லை.

மீதியையும் சொல்கிறேன். இப்ஸ்விச்சில் என் மாதிரிப் பெண்களுக்கு ஒரு விடுதி இருக்கிறது. பிறந்து ஆறு வாரத்தில் குழந்தையைத் தத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று பேச்சு. ஐந்தாவது வாரம் வில்ஃப் வந்தார். முழுப் பெயர் வில்ஃப் தர்க்கெட்டில், எங்கள் தெருக்காரர். சிங்கப்பூரில் பிடிபட்டு மூன்றரை வருடம் ஜப்பான்காரர்களிடம் கைதியாக இருந்துவிட்டு, பாதி ஆளாகத் திரும்பியவர். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"வர்றியா, இங்கயே இருக்கப் போறியா?" என்று கேட்டார்.

"குழந்தைய விட்டுட்டு வரமாட்டேன்."

"விட்டுட்டு வான்னு யாரு சொன்னா?"

ஜனவரியில் பதிவுக் கல்யாணம். ஹேசலுக்கு அவருடைய குடும்பப் பெயர்தான். நல்ல மனிதர். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: இந்த வீட்டில் அமெரிக்கப் பேச்சு வேண்டாம், கடிதமும் வேண்டாம், ஹேசல் அவருடைய மகளாகவே வளரட்டும் என்று. சரி என்று சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு அங்கே யாரும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் அனுமதி கேட்டு எழுதுகிறேன்.

புகைப்படம் அனுப்ப முடியாது. ஒன்று சொல்கிறேன். எதையாவது உற்றுப் பார்த்தால் இடது புருவத்தை மட்டும் தூக்குகிறாள். இங்கே அப்படிச் செய்பவர் யாரும் இல்லை.

என்னை மன்னியுங்கள்.
எனிட்


பேயோலி
மே 12, 1946

அன்புள்ள எனிட்,

உன் கடிதம் கிடைத்தது. நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் கணவர் கேட்டது நியாயம். வாசலில் வந்து நின்றவர் அவர். நாங்கள் திராட்சை அனுப்பினோம். இதற்குப் பிறகு எழுத மாட்டேன்.

சில விஷயங்கள் உனக்குத் தெரிந்திருப்பது நல்லது. ஆர்லனுக்குச் சின்னதில் காதுவலி வரும். காற்றில் கொண்டு போகும்போது காதை மூடு. இரண்டு வயது வரை முட்டையின் வெள்ளை ஒத்துக்கொள்ளவில்லை, உடம்பெல்லாம் தடித்துவிடும். பல் தாமதமாகத்தான் முளைத்தது, பயப்படாதே. முதுகைத் தடவினால் தூங்க மாட்டான். உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டால் தூங்கிவிடுவான்.

பதில் வேண்டாம்.

வெர்னா ஸ்டக்கி


நீடம் மார்க்கெட்
ஜூன் 30, 1946

திருமதி ஸ்டக்கி அவர்களுக்கு,

வணக்கம். என் மனைவி எழுதவில்லை. அவளுக்குத் தெரியாமல் நான் எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் குழந்தை இரண்டு ராத்திரி அழுதது. எனிட் எழுந்து போய்க் காதில் கதகதப்பாகத் துணி வைத்தாள், உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டாள், தூங்கிவிட்டது. "இது ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் முகாமில் இருந்த மூன்றரை வருடத்தில் எனக்கு ஒரே கடிதம் வந்தது. என் தாயார் எழுதியது. இருபத்தைந்து வார்த்தைக்கு மேல் அனுமதி இல்லை. அது வந்து சேர்ந்தபோது அவர் செத்து ஒரு வருடமாகியிருந்தது, எனக்குத் தெரியாது. அந்தத் தாள் கிழிந்து போகும் வரை வைத்திருந்தேன். கடிதத்தை நிறுத்துவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனிட்டை நிறுத்தச் சொன்னேன். அந்தப் பையன் மேல் பொறாமை, வேறு ஒன்றுமில்லை. செத்தவனோடு சண்டைபோட்டு ஜெயிக்க முடியாது.

எனக்குத் தாய் இல்லை. எனிட்டின் தாய் இன்னும் குழந்தையைத் தூக்கவில்லை. ஹேசலுக்கு ஒரு பாட்டி வேண்டும். என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவாள், அதை நான் விட்டுத் தர மாட்டேன். ஆனால் அவளுக்குக் கேட்கிற வயது வரும்போது, அந்தப் பையன் எப்படிப்பட்டவன் என்று சொல்ல ஆள் வேண்டும். எனக்கு அவனைத் தெரியாது.

இதோடு குழந்தையின் படம் வைத்திருக்கிறேன். வர முடிந்தால் வாருங்கள். இடம் சின்னது.

இப்படிக்கு,
வி. தர்க்கெட்டில்


பேயோலி
ஆகஸ்ட் 4, 1946

அன்புள்ள வில்ஃப், எனிட்,

மூன்று பேரும் நலமென்று நம்புகிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்லத் தெரியவில்லை. படத்தைச் சமையலறை ஜன்னலில் சாய்த்து வைத்திருக்கிறேன். அதனால் பாத்திரம் கழுவி முடிக்க வெகுநேரம் ஆகிறது.

கப்பலில் இடம் கேட்டு எழுதினோம். பட்டாளத்தாரும் அவர்கள் குடும்பங்களும் போய் முடிந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்காம். அடுத்த மே மாதம் ஆகும் என்கிறார்கள். ஒன்பது மாதம். அதற்குள் ஹேசல் நடந்துவிடுவாள். நடக்கட்டும். அவள் முதல் அடி எடுத்து வைக்கும் நாளை மட்டும் குறித்து எழுதுங்கள். அன்றைக்கு நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று பார்த்துக்கொள்கிறேன்.

பேசவும் ஆரம்பித்திருப்பாள், உங்கள் ஊர்ப் பேச்சு. எனக்குப் பாதி விளங்காது. விளங்காவிட்டால் இனி கேட்டுவிடுவேன்.

வில்ஃப், உங்கள் கடிதத்தை நேற்றுச் சனிக்கிழமை சத்தமாக வாசித்தேன். கிளைட் முழுவதும் கேட்டார். அவர் வருவாரா என்று உங்களுக்கு என்ன எழுதுவது என்றே எனக்குத் தெரியவில்லை. பழைய பயணப் பெட்டியை இன்று காலை வெயிலில் வைத்தேன். மத்தியானம் உள்ளே எடுத்துவைக்கப் போனபோது திறந்து பார்த்தால், அவருடைய சட்டைகள் இரண்டு மடித்துக் கிடந்தன.

அன்புடன்,
வெர்னா